இடப்பக்கம் இழுத்த வண்டி

வரிசைப்படி சொல்கிறேன் ஐயா, நடுவில் கேள்வி கேட்காதீர்கள். வரிசை தவறினால் குற்றம் தன் முகத்தை மாற்றிக்கொண்டுவிடும். கோர்ட்டு வாசல்களில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் குற்றம், பட்டை. பிக்கப் வண்டியின் பின்பக்கம் எடையைத் தாங்குவதற்கு இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வத்தலக்குண்டு மண்டிக்காரர்கள் அந்த அடுக்கில் கூடுதலாக இரண்டைச் செருகினார்கள். தாண்டிக்குடி மலையிலிருந்து இரண்டு நடையாக இறக்க வேண்டிய சவ்சவ் மூட்டையை ஒரே நடையில் இறக்குவதற்காக. பின்பக்கம் தாங்கிக்கொண்டது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டது.

இரண்டாவது குற்றம், பழி. மூக்கைத் தூக்கிய வண்டியில் முன் சக்கரங்கள் நேராகப் பார்க்காது. பாதத்தை வெளியே விரித்து நடக்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அப்படி நடக்கும். டயரின் உள்விளிம்பு மொட்டையாகி நூல் தெரியும். வெளிவிளிம்பில் பட்டன் புதுசு போல நிற்கும். உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடவினால் போகும்போது வழுக்கும், வரும்போது ரம்பம் மாதிரி அறுக்கும். வண்டி இடப்பக்கமே இழுக்கும். இதற்கு வைத்தியம், அலைன்மென்ட் பார்த்துச் சக்கரத்தை நேராக்குவது. ஆளுக்கு வைத்தியம் பார்க்காதவன் வண்டிக்கா பார்ப்பான்? "டிரைவர் ஓட்டுற லட்சணம் அப்படி" என்றார்கள். டயர் தேய்ந்த வண்டியின் டிரைவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மூன்றாவது குற்றம், மறைப்பு. சங்கத்திலிருந்து மனு கொடுத்தோம். அதிகாரி ஒருவர் வண்டிகளைப் பார்க்க வருவதாகச் சொன்னார். முதல் நாளே அத்தனை வண்டிக்கும் அலைன்மென்ட் பார்த்து, டயரை மாற்றிப்போட்டு, கழுவி, பொட்டு வைத்து நிறுத்திவிட்டார்கள். ஆயுதபூஜை மாதிரி இருந்தது ஸ்டாண்டு. அதிகாரி குனிந்து பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு? சும்மா சும்மா மனுப் போடாதீங்கப்பா" என்றார். சும்மா சும்மாவாம். அவர் போன கையோடு பழைய டயரை எடுத்து மாட்டிவிட்டார்கள்.

நான்காவது குற்றம், தாமதம். மறுபடி மனு. மறுபடி "வருகிறேன்" என்றார். மழை என்றார், தேர்தல் வேலை என்றார், ஜீப் பழுது என்றார். வரவே இல்லை.

ஐந்தாவது, இன்னாசி.

கொஞ்சம் அந்த ஜன்னலைச் சாத்துகிறீர்களா? காற்றுக்காக இல்லை. சத்தம். நாம் உட்கார்ந்திருப்பது பஸ்ஸின் பின் சக்கரத்துக்கு மேலே. உங்களுக்குக் கேட்கவில்லையா? சரி, விடுங்கள். போலீஸ்காரன் அறைந்ததில் செத்துப்போன காது என் இடது காது. பக்கத்தில் வெடி போட்டாலும் அதில் ஏறாது. இந்த ஒரு சத்தம் மட்டும் அந்தக் காதில்தான் கேட்கிறது.

என் பெயர் நாகையசாமி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்ன சொல்வார்கள் என்பது நீங்கள் கேட்கிற ஆளைப் பொறுத்தது. மலைச்சரக்கு ஓட்டுநர் சங்கத்துக்கு ஆரம்பித்த நாள்முதல் நான்தான் செயலாளர். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் துண்டறிக்கை. படித்தேன், பிறகு எழுதினேன், பிறகு என் துண்டறிக்கையை மற்றவர்கள் படித்தார்கள். "தோழர் பேசுனா அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள். நான் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை.

நான்காவது குற்றத்துக்குப் பிறகு ஒரு துண்டறிக்கை எழுதினேன். தலைப்பு, 'தேய்மானமே சாட்சி'. அதிகாரி வந்து தன் கண்ணால் பார்க்கும்வரை எந்த வண்டிக்கும் அலைன்மென்ட் பார்க்கக் கூடாது. டயர் மாற்றக் கூடாது. முதலாளியே முன்வந்து செய்து தந்தாலும் ஏற்கக் கூடாது. தேய்ந்தது தேய்ந்தபடி நிற்கட்டும், மெதுவாக ஓட்டுங்கள். கூட்டத்தில் வாசித்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள். இன்னாசியும் தூக்கினான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னாசியும் தூக்கினான்.

இன்னாசிமுத்து. மண்டி ரத்தினவேலுவின் வண்டியை ஓட்டியவன். நல்ல டிரைவர், வாய் கொஞ்சம் அதிகம். தீர்மானம் போட்ட அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னான், "தோழர், இந்த வண்டிங்கள நம்ம சங்கத்துல உறுப்பினராச் சேத்துருங்க. கையை விட்டா எல்லாமே இடது பக்கந்தான் போகுது." நானே சிரித்துவிட்டேன். நான் சிரிக்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்.

மாலையில் ஸ்டாண்டில் வண்டி வண்டியாகக் குனிந்து டயரைத் தடவிப் பார்ப்பேன். சாட்சி பத்திரமாக இருக்கிறதா என்று. "மாட்டு டாக்டர் வந்துட்டாருப்பா, வாலைத் தூக்குங்க" என்பான் இன்னாசி. தடவத் தடவ உள்ளங்கைக்கு ஒவ்வொரு வண்டியும் அடையாளம் தெரிந்துவிட்டது. சத்தமும் அப்படித்தான். கோணல் சக்கரம் தார் ரோட்டில் ஒரு மாதிரி முனகும். வேகம் கூடினால் முனகலும் ஏறும், குறைந்தால் இறங்கும். ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்கு முன்பே எது யார் வண்டி என்று சொல்லிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் இன்னாசியின் வண்டி சத்தமில்லாமல் வந்தது.

குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். ரத்தினவேலு ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த புது டயர் இரண்டும் முன்னால் மாட்டியிருந்தன. சக்கரம் இரண்டும் நேராக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றன.

"எங்கடா காட்டுன?"

"அலைன்மென்ட் கடை காதர் பாய்கிட்ட, தோழர்."

"யாரைக் கேட்டு?"

"வீட்ல சொல்லுச்சு தோழர். நேத்துப் பூசைக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் காதைப் பொத்திக்கிட்டே வந்துச்சு. 'என்னய்யா இது, அடிபட்ட ஆளு முனகுற மாதிரி இருக்கு, எனக்குப் பயமா இருக்கு'ன்னு ஒரே அழுகை. சரி, போய்த் தொலையுதுன்னு..."

"சங்கம் பெருசா, உன் பொண்டாட்டி ஜெபமாலை பெருசா?"

"அத நீங்க வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்க தோழர், நான் வெளிய நிக்கிறேன்" என்றான். ஸ்டாண்டே சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை என்று பின்னால் சிலர் பேசினார்கள். பொய். சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது கொள்கை. ஒருவன் சாட்சியை அழித்தால் அடுத்தவனும் அழிப்பான், அதிகாரி மறுபடி வந்து "நல்லாத்தானே இருக்கு" என்பார். இவ்வளவும் நான் பொறுமையாக விளக்கினேன். கூட்டத்திலிருந்து யாரோ 'கருங்காலி' என்றார்கள். நான் சொல்லவில்லை ஐயா. யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வார்த்தையை மறுப்பதும் மறுக்காததும் அந்த நேரத்தின் தேவை.

இன்னாசியின் முகம் செத்துவிட்டது. "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்றான்.

"இருந்தபடி ஆக்கு" என்றேன்.

பழைய டயர்கள் வண்டியின் பின்னாலேயே கிடந்தன. எடுத்து மாட்டினோம். காதர் பாயிடம் ஆள் அனுப்பினேன். அவர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "நேரா இருக்கிறதக் கோணலாக்க எங்கிட்ட மெஷின் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு வந்த சைக்கிளிலேயே போய்விட்டார். சிறு வியாபாரிகளின் ஊசலாட்டத்தைப் பற்றி நான் தனியாகவே ஒரு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன்.

ஆகவே நாங்களே செய்தோம். முன் சக்கரங்களை இணைக்கிற கம்பிக்கு டைராடு என்று பெயர். அதன் முனையில் மரை இருக்கும். மரையை இந்தப் பக்கம் திருப்பினால் சக்கரம் உள்ளே பார்க்கும், அந்தப் பக்கம் திருப்பினால் வெளியே பார்க்கும். திருப்பி முடித்ததும் லாக் நட்டை இறுக்க வேண்டும், மரை மறுபடி நகராமல் இருக்க. ஸ்பானர் சங்கத்துடையது. வண்டிக்கு அடியில் படுத்தது இன்னாசி. திருப்பிய கை அவனுடைய கை. நான் வெளியே குத்தவைத்து டார்ச் அடித்தேன்.

"எவ்வளவு தோழர்?"

"பழையபடி."

"பழையபடின்னா எவ்வளவு? நான் அளந்தா வச்சிருந்தேன்?"

"ரெண்டு மரை போடு."

போட்டான். அடியில் அவன் போட்டது இரண்டா மூன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

"லாக் நட்டை இறுக்கிட்டியா?"

"இறுக்கிட்டேன் தோழர்."

நான் கேட்டேன் ஐயா. தெளிவாகக் கேட்டேன். அவன் தெளிவாகச் சொன்னான், இறுக்கிட்டேன் தோழர் என்று. குரலில் கோபம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவனும் நட்டை இறுக்குவான். இறுக்காமல் இருப்பானா? டிரைவர் அல்லவா? இறுக்கிட்டியா என்று கேட்டேன். இறுக்கிட்டேன் என்றான்.

மறுநாள் காலையில் மலையிலிருந்து சவ்சவ் ஏற்றிக்கொண்டு இறங்கினான். பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு வளைவு, இடப்பக்கம் பள்ளம். வளைவு வலப்பக்கம் திரும்புகிறது. வண்டி திரும்பவில்லை.

நாங்கள் போனபோது பள்ளம் முழுக்கச் சவ்சவ் கிடந்தது. பச்சைப் பச்சையாக. அவனைக் கயிறு கட்டி மேலே ஏற்றினோம். நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். வண்டி கவிழ்ந்து கிடந்தது. சக்கரங்கள் மேலே பார்த்தபடி, ஒன்று ஒரு திசையும் இன்னொன்று வேறு திசையும் காட்டிக்கொண்டு.

போலீசார் ஸ்டியரிங் கோளாறு என்றார்கள். ரத்தினவேலு அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டான். ஆதாரத்தைப் பார்த்தீர்களா, அவர்கள் விட்டுவைப்பதே இல்லை. "புது டயர் வாங்கிக் குடுத்தேன், அலைன்மென்டும் பாத்தேன், சங்கந்தான் விடல" என்று ஊரெல்லாம் சொன்னான். அந்தப் பேச்சை ஆறாவது குற்றமாகச் சேர்க்கலாம். தரம் தாழ்ந்தது என்பதால் சேர்க்கவில்லை. கூடுதல் பட்டை அடித்தது யார்? அவன். அதிகப் பாரம் ஏற்றியது யார்? அவன். ஆகவே கொன்றது யார்? வரிசை தவறாமல் பார்த்தால் சந்தேகமே வராது. அதனால்தான் வரிசை, வரிசை என்று அடித்துக்கொள்கிறேன்.

அதிகாரியா? இன்னாசியை அடக்கம் செய்த வாரத்திலேயே வந்துவிட்டார். எல்லா டயரையும் பார்த்தார், தடவினார், எழுதிக்கொண்டார். கூடுதல் பட்டையைக் கழற்ற உத்தரவு போட்டார். சங்கம் ஜெயித்தது. அந்தத் துண்டறிக்கைக்கு 'வெற்றி' என்று தலைப்பு வைத்தேன். அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. கொடுக்க ஸ்டாண்டுக்குப் போனபோது வாங்கியவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் என் முன்னால் படிக்கவில்லை.

அந்தச் சமயத்திலிருந்துதான் சத்தம். எல்லா வண்டியும் இப்போது நேராகத்தான் ஓடுகிறது, எதுவும் முனகுவதில்லை. ஆனால் பட்டப்பகலில், டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், தூரத்தில் அந்த வண்டி வரும். அந்த வண்டி என்றால் அந்த வண்டி, எனக்குத் தெரியாதா? முனகல் ஏறி ஏறி வரும். கிட்டே வரும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்ப்பேன். வராது. தாண்டியும் போகாது. கிட்டே வந்த இடத்திலேயே நின்று ஓடிக்கொண்டிருக்கும். "யாரத் தேடுறீங்க தோழர்?" என்று கடைக்காரர் கேட்பார். அடுத்த ஊர்வலத்துக்கு வழி பார்க்கிறேன் என்பேன்.

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நீங்கள் அடுத்த ஊரில் இறங்கிவிடப் போகிறவர். ஆளில்லாத ரோட்டில் நடக்கும்போது நான் நேராகத்தான் நடக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இடப்பக்கம் மண்ணில் நிற்கிறேன். ஒருமுறை கால்வாய் விளிம்பில். டாக்டர் காது கோளாறு என்கிறார். செருப்புத் தைக்கிறவர், "என்ன தோழர், உள்பக்கமே தேயுது? நடை கோணலா இருக்கே" என்றார். அதற்குப் பிறகு வேறு ஆளிடம்தான் செருப்புத் தைக்கிறேன்.

இனி இன்றைக்கு நடந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் கிடையாது, நான் கொண்டுவந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் ஸ்டாண்டில் கொடியேற்றி, வேலையில் செத்த தோழர்களின் பெயரைச் சொல்வோம். பெயர் சொல்லும் நாள் என்றே அதற்குப் பெயர். குடும்பத்திலிருந்து ஒருவர் மேடைக்கு வந்து இரண்டு பெயர் சொல்ல வேண்டும். முதலில் செத்தவர் பெயர். அடுத்து, கொன்றவர் பெயர். அழுகையில் அவர்கள் குரல் எடுபடாது என்பதால் செயலாளர் அதை மைக்கில் திருப்பி வாசிப்பார். கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் சாட்சி. "கேட்டோம்" என்று பதில் சொல்ல வேண்டும். செயலாளர் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. ஒரு வருஷம் ஒரு கிழவர், மகனைப் பறிகொடுத்தவர், முதலாளிக்குப் பயந்துகொண்டு "கடவுள்" என்று சொல்லிவிட்டார். நான் நாத்திகன். இருந்தும் வாசித்தேன், "கொன்றவர், கடவுள்." கூட்டம் கேட்டோம் என்றது. விதி என்றால் விதி.

ஜெபமாலை மட்டும் வந்ததே இல்லை. அவள் வராத வருஷங்களில் இன்னாசிக்கு நானே இரண்டு பெயரையும் வாசித்தேன். இரண்டாவது பெயர் ரத்தினவேலு. விதிப்படி அது செல்லாது என்று எனக்கே தெரியும். கூட்டமும் வர வர மெதுவாகத்தான் கேட்டோம் என்றது. போன வருஷம் இன்னாசியின் பெயருக்கு உரக்கச் சொன்னவர்கள், அடுத்த பெயருக்குச் செருமினார்கள். செருமல் தெரியுமல்லவா? துண்டறிக்கையை விட வேகமாகப் பரவும். அவள் வந்து தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால் செருமல் நிற்கும். சங்கத்துக்காகத்தான் சொல்கிறேன்.

ஆகவே போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். முன்பும் போயிருக்கிறேன், கதவு வரைதான் போயிருக்கிறேன். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டாள். சவ்சவ் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை செய்கிறாள்; காயின் பால் பட்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் கொடுத்தாள்.

"இந்த வருஷமாச்சும் வாம்மா. வந்து பேரைச் சொல்லு" என்றேன்.

"எந்தப் பேரைண்ணே?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சா போதும். பயப்படாம வந்து சொல்லு. யாரு என்ன செய்வாங்கன்னு நான் பார்க்குறேன்."

அவள் காலிச் செம்பை வாங்கி ஓரமாக வைத்தாள். "நான் என்ன பேரு சொன்னாலும் அப்படியே மைக்குல சொல்லுவீங்களா?"

"நாகையசாமி இதுவரைக்கும் ஒரு எழுத்தை மாத்துனதா யாராவது சொல்லட்டும் பார்ப்போம்."

"அப்ப வாறேண்ணே" என்றாள்.

எவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பினேன் தெரியுமா? அன்றைக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இன்று காலையில் வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. ஸ்டாண்டு நிறைய ஆள். அவள் வருகிறாள் என்று தெரிந்து சங்கத்தை விட்டுப்போனவர்கள்கூட வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ரத்தினவேலுவின் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நன்றாகப் படம் எடுங்கடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் மேடையில் என் இடப்பக்கம் வந்து நின்றாள். நான் அவளை வலப்பக்கம் வரச் சொன்னேன், கேட்கிற காதுக்கு.

"சூசை மகன் இன்னாசிமுத்து" என்றாள்.

வாசித்தேன். "கேட்டோம்" என்றார்கள். மலை வரைக்கும் போய் மோதியிருக்கும் அந்தக் குரல். அடுத்த பெயருக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் 'மண்டி' என்ற சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தேன்.

சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், அழவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது.

"என்னம்மா?" என்றேன்.

திருப்பிச் சொன்னாள், அதே குரலில். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்தாள்.

இப்போது நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். பட்டை அடித்தவன் ஒருவன். பாரம் ஏற்றியவன் ஒருவன். வராத அதிகாரி ஒருவன். இதில் ஏதாவது ஒரு பெயரை நான் வாசித்திருக்கலாம். கீழே இருந்த ஒருவருக்கும் அவள் சொன்னது கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. அவளும் மறுத்திருக்க மாட்டாள், முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கிப் போயிருப்பாள். அவள் படிக்காதவள், வரிசை தெரியாதவள், ஐந்தாவதிலிருந்து ஆரம்பிக்கிறாள். அவள் சொன்னது தவறு. இப்போதும் சொல்கிறேன், தவறு. வரிசைப்படி பார்த்தால் தவறு.

ஆனால் விதி செயலாளருக்கு ஏன் என்று கேட்கிற உரிமையைக் கொடுக்கவில்லை. அந்த விதியை எழுதியது நான்.

கூட்டம் காத்திருந்தது. போன்கள் தூக்கியபடியே நின்றன. அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அந்த முனகல் அப்போது ஏறிக்கொண்டே இருந்தது, நான் மேடையை விட்டு இறங்கி எதிரே நின்ற இந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பதில் வந்ததோ இல்லையோ, வாசித்தேன். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து, எல்லாப் பெயரையும் வாசிக்கிற அதே குரலில், தகப்பன் பெயரோடு, ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்தேன்:

"கொன்றவர், பெருமாள் மகன் நாகையசாமி."